தப்பித்த மாடு

பேக்கரிக்காரர் கொடுத்த அறையில் ஒரு சுவர் எப்போதும் சூடாக இருந்தது. சுவருக்கு மறுபக்கம் அடுப்பு. விடியுமுன் மூட்டுவார்கள். சுவர் மெல்லச் சூடேறி மாலை வரை ஆறாது. மாவு மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மீதி இடத்தில் பால்காரருக்கும் அவர் மனைவிக்கும் மெத்தை போட்டிருந்தார்கள். மனைவி சுவரை விட்டு விலகி, மூட்டைகளை ஒட்டிப் படுத்தாள். மூட்டைகளில் வண்டு இருந்தது. கழுத்தில் ஊரும். அந்தச் சுவருக்கு வண்டே மேல் என்று இருந்துவிட்டாள்.

"சூடு இதமா இருக்குமேன்னுதான் இந்த ரூமா பாத்துக் குடுத்தேன்," என்றார் பேக்கரிக்காரர்.

"இதமாத்தான் இருக்குண்ணே," என்றாள்.

காட்டுத்தீ மலைச்சரிவில் இறங்கி ஓடை வரை வந்து நின்றுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு வீடு. பால்காரருடையது. வீடு, தொழுவம், வைக்கோல், ஒன்று நீங்கலாக எல்லா மாடுகளும் போயின. இந்தப் பக்கம் ஊர் முழுசாக இருந்தது. ஒரு ஓடு கருகவில்லை. ஊருக்கே அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மொத்த ஊரும் அந்த ஒரு குடும்பத்துக்கு உதவக் கிளம்பியது.

முதலில் துணி வந்தது. மூட்டை மூட்டையாக வந்து, அறையில் இடம் போதாமல் வாசலில் குவிந்தது. மனைவியின் தம்பி மணல் லாரி ஓட்டுகிறவன். ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருப்பவன். அக்காவைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள இடமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, வேலை முடிந்ததும் வந்து மூட்டைகளைப் பிரித்துக் கொடுத்தான்.

"அக்கா, இது என்ன, கொசுவலையா?"

"உள்பாவாடைடா. கீழ வை."

"யாருக்கு, யானைக்கா?" அவன் இன்னொன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். ஆண்கள் உள்ளாடை. எலாஸ்டிக் தளர்ந்து, நடுவில் மஞ்சள் பூத்திருந்தது. "இதைக் குடுத்த மகராசன் இப்ப என்னத்தைப் போட்டுக்கிட்டுத் திரியறான்?"

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதடா."

"நான் எங்க பல்லைப் பாத்தேன்? மாடு இன்னும் உள்ளயே இருக்குது. மோந்து பாரு."

அவள் சிரித்துவிட்டாள். தீக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். ஒற்றைக் கால் செருப்புகள், அக்குள் கிழிந்த கோட்டு, பொத்தானை எல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டு கொடுத்த சட்டைகள். பொத்தானை வெட்டியவள் யாராக இருக்கும் என்று அக்காவும் தம்பியும் யோசித்தார்கள். நல்ல துணி தேடி எடுத்தது ஒரு பைக்குள் அடங்கியது. மீதியை எறியவும் முடியவில்லை. கொடுத்தவர்கள் அந்த வழியாகத்தான் பேக்கரிக்கு வருவார்கள்.

அடுத்து சாப்பாடு வந்தது. சூப்பு, ரொட்டி, வேகவைத்த கிழங்கு. கொண்டுவந்தவர்கள் உடனே போகவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து, தீ எப்படி வந்தது என்று கேட்டார்கள். பால்காரர் சொல்வார். தொழுவத்தில் மாடுகள் கட்டிக் கிடந்தன, அவிழ்க்க நேரமில்லை என்பார். அதற்குமேல் சொல்லமாட்டார். "அப்புறம்?" என்பார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை என்பார். கொண்டுவந்த சூப்புக்கு அது போதாது என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். "பாத்திரம் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பாத்திரத்துக்கு வருவார்கள். மனைவி பகலெல்லாம் ஊர்ப் பாத்திரம் கழுவினாள்.

மகளுக்கு அறையில் இடமில்லை. அவள் பள்ளியின் டீச்சர் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். தனி அறை, மேசை, விளக்கு. "என் சொந்தப் பொண்ணு மாதிரி," என்றார் டீச்சர். மூன்று தடவை சொன்னார்.

*

தப்பித்த மாட்டுக்கு வீட்டில் சண்டி என்று பெயர். கறக்க உட்கார்ந்தால் வாளியை உதைக்கும். கூப்பிட்டால் வராது. மற்றதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒருவர் போய் வாலை முறுக்கி ஓட்டிவர வேண்டும். இரண்டு தடவை விற்றும் வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். தீ அடங்கிய மறுநாள் அது ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. முதுகில் மயிர் இல்லை. மடி கருகியிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு காயமும் இல்லை.

ஊர் அதற்கு அதிசயம் என்று பெயர் வைத்தது.

பேக்கரிக்காரர் தன் வேனை வெளியே நிறுத்திவிட்டு, வேன் நின்ற கொட்டகையை மாட்டுக்கு விட்டார். இரும்பு ஷட்டர் போட்ட சிமெண்டுத் தரை. "வேன் வெயில்ல கெடக்குது. கெடக்கட்டும். உசுரு பெருசா, வேன் பெருசா?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். உயிர்தான் பெரிது என்றார்கள். மீட்புக் குழு என்று ஒன்று சேர்ந்தது. அவர்தான் தலைவர். கடைக் கண்ணாடிகளில் போஸ்டர் ஒட்டினார்கள். மாட்டின் முகம் மட்டும் பெரிதாக. கீழே, 'அதிசயம் தப்பித்தது. நாம் கைவிடலாமா?'

போஸ்டரில் நாற்றம் தெரியாது. கொட்டகைக்குப் பத்தடி முன்னாலேயே வந்துவிடும். பார்வையாளர்கள் வருமுன் பேக்கரிக்காரரின் மனைவி ஒரு டப்பாவிலிருந்து எலுமிச்சை வாசனையைப் பீய்ச்சிவிடுவாள். எலுமிச்சையும் சீழும் கலந்து வரும். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பன் ஊட்டுவார்கள். பன் தின்று மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டது. ஊட்டியவர்கள் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள்.

காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி மனைவி உள்ளே போவாள். உப்புத் தண்ணீரால் மடியைக் கழுவுவாள். இடுக்கியால் புழு பொறுக்கி டின்னில் போடுவாள். நான்கு காம்பில் இரண்டு கருகி மூடிக்கொண்டன. பால் போக வழியில்லாமல் உள்ளேயே கெட்டது. மற்ற இரண்டில் மாட்டு டாக்டர் கொடுத்த சின்னக் குழாயைச் செருகினால் திரிந்த மோர்போல் வரும். கூடவே ரத்தம். சண்டி உதைக்காது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த மாடு உதைக்காமல் நின்று அவள் பார்த்ததில்லை.

மாட்டு டாக்டர் ஒரு பெண். ஸ்கூட்டரில் வருவார். மேலுக்குப் பேசத் தெரியாதவர்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிப் புழு பொறுக்கப் போறீங்க?"

"அவரு சம்மதிக்கணுமே டாக்டரம்மா."

"மடி போச்சு, அதை விடுங்க. குளம்பைப் பாருங்க. இந்த மேல்விளிம்புல வெடிச்சிருக்கு, தெரியுதா? சூட்டுல உள்ள வெந்துபோச்சு. அடிபட்ட நகம் கழண்டு வர்ற மாதிரி ஒருநாள் அப்படியே கழண்டு வந்துரும். அப்புறம் வெறும் எலும்புலதான் நிக்கணும்."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். தலையை ஆட்டுறாரு. குழுத் தலைவர்கிட்டயும் சொன்னேன். அவரு டவுன்லேர்ந்து வேற டாக்டரைக் கூட்டிட்டு வந்தாரு. அந்தாளு ஷட்டருக்கு வெளிய நின்னே பாத்துட்டு, முயற்சி பண்ணலாம்னுட்டுப் போயிட்டாரு. மூக்கைப் பொத்திக்கிட்டு முயற்சி பண்ணச் சொல்றதுக்கு நான் எதுக்கு, வழியில போறவன் போதும்."

அன்று சாயங்காலம் மனைவி பால்காரரிடம் பேச்செடுத்தாள். அவர் துணி மூட்டைமேல் உட்கார்ந்து, யாரோ கொடுத்த சட்டையில் யாரோ கொடுத்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா ஊசி போட்டு விட்டுரலாம்கிறாங்க."

"ம்."

"ம்முன்னா?"

"அது ஒண்ணாச்சும் பொழைச்சுதே."

"அதுக்குப் பேரு பொழப்பா? வந்து ஒருநாள் புழு பொறுக்குங்க, தெரியும்."

அவர் பொத்தானைத் தைத்தார். ஊசி விரலில் ஏறியது. சப்பிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் கூப்பிடாம இருந்திருந்தா," என்றார்.

அது ஊருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தீ வந்தது மாலைக் கறவை நேரத்தில். தொழுவம் காலியாக இருந்தது. மாடுகள் மேலே மொட்டைப் பாறையில் நின்றன. அங்கே எரிய ஒன்றும் இல்லை. கீழே புகை. அவற்றை ஒன்றுசேர்த்து ஓடைக்கு ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். வாயைத் திறந்தார். தினமும் தொழுவ வாசலில் நின்று கூப்பிடுகிற குரல்தான் வந்தது. "ஹோ, பா, பா, பா." வேறு குரல் அவரிடம் இல்லை. அந்த நேரத்தில் அந்தக் குரலுக்கு மாடுகள் அறிந்தது ஒன்றே ஒன்று. இறங்கி வந்தன. அவரைத் தாண்டிக்கொண்டு தொழுவத்துக்குள் போயின. ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் நின்று, வெறும் தொட்டிக்குள் தலையை விட்டது. அவர் அடித்தார். கழுத்தைப் பிடித்து இழுத்தார். தீவனம் வராமல் எதுவும் நகரவில்லை. கூரை பற்றியது.

மொட்டைப் பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் அப்படியே இருக்கிறது.

"சண்டி மட்டும்தான் என் பேச்சைக் கேக்கல," என்றார். "நெருப்புக்குள்ள புகுந்து தானா ஓடைக்குப் போச்சு. அதனால தப்பிச்சுது. அதையும் நானே கொல்லணுமா?"

"அது தப்பிக்கல. இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

அவர் சட்டையைப் போட்டுப் பார்த்தார். கை மணிக்கட்டுக்குமேலேயே நின்றது.

*

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் கூட்டம். செங்கல் சூளைக்காரர் வீட்டுக்கு வேண்டிய செங்கல் முழுவதும் தருவதாக மேடையில் சொல்லப் போகிறார். இரும்புக்கடைக்காரர் கூரைத் தகடு. கொத்தனார்கள் கூலி வாங்காமல் கட்டுவார்கள். மழைக்கு முன் வீடு. அதற்குத்தான் அதிசயம்.

வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவனை அழைத்து வந்தார். மேடையில் திரை கட்டிக் காட்ட ஒரு படம் வேண்டுமாம்.

"அண்ணே, நீங்க இந்த மூலையில நின்னு கூப்பிடுங்க," என்றான் வீடியோக்காரன். "மாடு அங்கேர்ந்து உங்க குரலைக் கேட்டு வரணும். அதான் ஷாட்."

"அது கூப்பிட்டா வராதுங்க," என்றார் பால்காரர்.

"வரும் தம்பி," என்றார் பேக்கரிக்காரர். "நன்றி தெரிஞ்ச ஜீவன். நெருப்புலேர்ந்து வந்தது, நாலு எட்டு வராதா?"

"அந்தக் குரல் வேணாம்ணே," என்றாள் மனைவி.

"ஏம்மா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை தம்பி. இந்தப் படத்துக்காகத்தான் செங்கல்காரரே முழுசா வளைஞ்சு குடுத்திருக்காரு."

பேக்கரிக்காரரின் மனைவி எலுமிச்சையைப் பீய்ச்சினாள். வீடியோக்காரன் விளக்கைப் போட்டான். பால்காரர் தொண்டையைச் செருமினார். கூப்பிட்டார்.

"ஹோ. பா, பா, பா."

சண்டி தலையைத் தூக்கியது. காது முன்னால் வந்தது. பிறகு நடந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரலுக்கு வந்தது. முன்கால், பின்கால், முன்கால். நடுக் கொட்டகையில் ஒரு சின்னச் சத்தம். அடுத்த அடி எடுத்து வைத்தபோது குளம்பு வரவில்லை. சிமெண்டில் தனியாக நின்றது. மாடு சிவந்த எலும்பை ஊன்றி இன்னும் ஒரு அடி வைத்தது. அவரிடம் வந்து நின்றது.

பேக்கரிக்காரரின் மனைவி வெளியே ஓடிப்போய், நின்ற வேனின் சக்கரத்தில் வாந்தி எடுத்தாள்.

"அண்ணே," என்றான் வீடியோக்காரன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதைக் கொஞ்சம் எடுத்துருங்க. ஃப்ரேம்ல விழுது."

பால்காரர் குனிந்து எடுத்தார். இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மாவைக் கூப்பிடு," என்றார் மனைவியிடம்.

"அவசரப்படாதீங்க தம்பி. ரெண்டே நாள்." பேக்கரிக்காரர் குறுக்கே வந்தார். "ஞாயித்துக்கிழமை முடியட்டும், நானே டாக்டரைக் கூட்டியாறேன். மாடு இல்லாட்டி கூட்டம் வராது. கூட்டம் இல்லாட்டி செங்கல்காரரு வாயைத் தொறக்கமாட்டாரு. அவரைப் பத்தி எனக்குத் தெரியும். நாலு பேரு பாக்கலைன்னா எச்சக்கையால காக்கா ஓட்டமாட்டாரு. உங்களுக்காகத்தானே சொல்றேன்? எனக்கு என்ன, வேன் வெயில்ல கெடக்குது."

"அண்ணே, வெளிய வாங்க," என்றாள் மனைவி. அவரையும் வீடியோக்காரனையும் வெளியே விட்டு ஷட்டரை இழுத்தாள். வெளியிலிருந்து பேக்கரிக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். உயிர், நன்றி, ஊர் என்ன சொல்லும். தகரத்தில் அவர் குரல் அதிர்ந்தது.

டாக்டரம்மா வந்தார். அதிகம் பேசவில்லை. பால்காரர் மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறியதும் சண்டி ஒரு உதை விட்டது. மருந்துப்பெட்டி உருண்டு சுவரில் மோதியது.

"நல்ல மாடு," என்றார் டாக்டரம்மா, சிதறியதைப் பொறுக்கிக்கொண்டு.

தம்பியின் மணல் லாரியில் தார்ப்பாய் போட்டு மூடி ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். சாம்பலுக்குக் கீழே மண் இறுகிக் கிடந்தது. மூன்று பேரும் மாறி மாறித் தோண்டினார்கள். தம்பி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தோண்டினான். மூடி முடித்ததும் மண்வெட்டியை நட்டு அதன்மேல் சாய்ந்தான்.

"அப்போ வீடு?"

"தெரியலடா," என்றாள் அக்கா.

*

மறுநாள் பேக்கரிக்காரர் சூடான பன்னோடு வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"போனது போச்சு. ஒண்ணும் கெட்டுப்போகல. வேற வழி பண்ணியாச்சு."

"என்ன வழி?" என்றார் பால்காரர்.

"செங்கல்காரர் வீட்டுலயே ஒரு மாடு நிக்குது. அதே செவலை. முதுகுலயும் மடியிலயும் கட்டுப் போட்டுருவோம். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னாப் போதும். பேசக்கூட வேணாம்."

"அது சண்டி இல்லையே."

"யாருக்குத் தெரியும்? போஸ்டர்ல மூஞ்சி மட்டும்தானே இருக்கு. மாட்டு மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லண்ணே."

"தம்பி, உங்களுக்கு வீடு வேணுமா, வேணாமா?"

அவர் போனபின் பால்காரர் பன்னை எடுத்து மூட்டைகளுக்குப் பின்னால் எறிந்தார். "நான் வரல. நீயும் போகக்கூடாது. நாத்தம் புடிச்ச பொழப்பு."

மனைவிக்கும் அப்படித்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தபோது வாசலில் மகள் நின்றாள். சனிக்கிழமை அரைநாள் பள்ளி விட்டு வந்திருந்தாள். சுத்தமாகச் சீவியிருந்தாள். உள்ளே காலை வைக்கவில்லை. கையில் ஓரம் தைத்த கைக்குட்டை. டீச்சர் வீட்டுடையது. அதை மூக்கருகே கொண்டுபோய், அம்மா பார்ப்பதைப் பார்த்துக் கீழே இறக்கினாள்.

"உள்ள வாடி."

"இல்லம்மா, நேரமாச்சு. டீச்சர் கேக்கச் சொன்னாங்க. மழைக்குள்ள வீடு வந்துருமா?"

"ஏன், என்னவாம்?"

"அவங்க அக்கா வர்றாங்களாம். அந்த ரூம் வேணுமாம். வீடு வர லேட்டாகும்னா என்னை ஹாஸ்டல்ல விட்டுரலாம்னாங்க. டவுன்ல. குழுவே பாத்துக்குமாம்." நிறுத்தினாள். "அங்க தனிக் கட்டிலாம்."

"உனக்குப் போகணுமா?"

மகள் தோளைக் குலுக்கினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். துணிக்குவியல், வண்டு, அப்பாவின் எட்டாத சட்டைக்கை. "இங்க வரமுடியாதுல்ல," என்றாள்.

அவள் போய்விட்டாள்.

"நாளைக்குப் போறோம்," என்றாள் மனைவி.

"போய்?"

"நிக்கப் போறோம். நிக்கத்தானே சொல்றாங்க. ஹாஸ்டலுக்குப் போனா அவ திரும்பி வரமாட்டா. இப்பவே பாதி போயிட்டா."

*

பள்ளிப் பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை விரித்து மேடை போட்டிருந்தார்கள். மைதானம் நிறைந்திருந்தது. பேக்கரிக்காரர் ஒரு ஓரத்தில் பன் விற்றார். செங்கல்காரரின் மாடு மேடையில் நின்றது. இளம் மாடு, பளபளப்பான செவலை. முதுகில் வெள்ளைத் துணி சுற்றி, மடியை ஒரு பையைப்போல் துணியில் கட்டி முதுகுக்கு மேலே முடிச்சுப் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் டீச்சர் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

பால்காரரும் மனைவியும் மாட்டுக்கு இரு பக்கமும் நின்றார்கள். குழு உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். ஒவ்வொருவரும் தான் கொடுத்ததைச் சொன்னார்கள். அந்த அக்குள் கிழிந்த கோட்டுக்கும் ஒருவர் கைதட்டல் வாங்கினார். திரையில் படம் ஓடியது. சண்டி தலையைத் தூக்கியது, காதை முன்னால் கொண்டுவந்தது, நடந்தது. மூன்றாவது அடியில் வெட்டிவிட்டு முகத்தைக் காட்டினார்கள். பால்காரர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குரலை மட்டும் அவரால் தடுக்க முடியவில்லை. "ஹோ, பா, பா, பா" என்று ஒலிபெருக்கியில் மைதானம் முழுவதும் கேட்டது. மேடையில் நின்ற மாடு தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து ஒரு அடி எடுத்து வைத்தது.

அதன்பின் அது கத்த ஆரம்பித்தது.

"பாவம், வலி தாங்கல," என்றது கூட்டம்.

மனைவிக்கு ஏன் என்று தெரிந்துவிட்டது. மடித்துணி நனைந்து பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாகச் சொட்டியது. காலையில் கட்டுப் போட்டவர்களுக்கு மாடு கறக்க வேண்டிய மாடு என்ற நினைப்பே வரவில்லை. கறக்காமல் கட்டிவிட்டார்கள். கையை வைத்துப் பார்த்தாள். மடி கல்லாக இருந்தது. மாடு காலை அகட்டி நின்று மறுபடி கத்தியது.

பேக்கரிக்காரர் பக்கத்தில் வந்தார். அவள் தணிந்த குரலில் சொன்னாள்:

"அண்ணே, இதைக் கறக்கணும்."

"இப்பவா? செங்கல்காரரு பேசப்போறாரும்மா. முடியட்டும்."

"முடியற வரைக்கும் தாங்காது. மடி கட்டிக்கும்."

"கட்டுனா கட்டட்டும். உங்க மாடா அது?"

"எங்க மாடுன்னுதானே மைக்குல சொல்றீங்க?"

செங்கல்காரர் பேச எழுந்தார். "அன்பான ஊர்மக்களே" என்றார். மாடு அதற்குமேல் கத்தியது.

மனைவி மாட்டுக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீரை மேடையின் பின்னால் கொட்டினாள். வாளியோடு குந்தி உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்க்கச் சொல்லிக் கணவரைப் பார்த்தாள். அவர் அவிழ்த்தார். ஈரத் துணி சுருள் சுருளாகப் பலகையில் விழுந்தது.

மடி முழுசாக இருந்தது. வெளிர் சிவப்பு. நான்கு காம்பும் ஒழுங்காக. ஒரு கீறல் இல்லை.

கறந்தாள். வாளியில் முதல் பீச்சு விழுந்த சத்தம் செங்கல்காரரின் மைக்கில் கேட்டது. சர், சர். செங்கல்காரர் நிறுத்தினார். மைதானமே நின்றது. பேக்கரிக்காரரின் முகம் அவர் மாவைப்போல் வெளுத்தது. தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். செங்கல் போச்சு. ஹாஸ்டல்தான். பயமாக இருந்தது. ஆனால் தீக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. இனி யாருக்கும் பாத்திரம் கழுவ வேண்டாம். காறித் துப்பட்டும். துப்பினால் துடைத்துக்கொண்டு போய்விடலாம்.

முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"ஆறிப்போச்சு!"

"எது?"

"மடிய்யா! பாருய்யா, தழும்புகூட இல்ல!"

யாரோ கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பின்வரிசைகள் எழுந்து நின்றன. ஒரு அம்மாள் அழுதாள். கைதட்டல் சரிவில் மோதித் திரும்பி வந்தது. செங்கல்காரர் அதில் ஏறிக்கொண்டார்.

"இதுதான்யா அதிசயம்! நம்ம ஊரு அன்புதான் மருந்து! செங்கல் மட்டும் இல்ல, சுத்துச்சுவருக்கும் நானே தரேன்!"

ஆட்கள் மேடையை நோக்கி வந்தார்கள். கையில் காகிதக் கோப்பைகள், தண்ணீர்பாட்டில் மூடிகள், ஒருவர் கையில் பன் வாங்கிய பை. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்றார்கள். பேக்கரிக்காரர் வரிசை பிடித்துவிட்டார். "தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு." குனிந்து அவள் காதில், "தெய்வமே, எப்படிம்மா இப்படி யோசிச்சே?" என்றார். அவர் வாயில் பன் வாடை அடித்தது.

பால்காரர் மேடையின் பின்பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

அவள் மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, வரிசையின் கால்களுக்கு நடுவே முன்வரிசையைப் பார்த்தாள். மகள் எழுந்து நின்றிருந்தாள். சண்டியை அவளுக்குத் தெரியும். சண்டி உதைத்த தழும்பு அவள் முழங்காலில் இருக்கிறது. மாட்டைப் பார்த்தாள். அதன் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் முழங்கையால் மெல்ல இடித்தார்.

மகள் கைதட்டினாள். எல்லாரையும்விட நன்றாகத் தட்டினாள்.

இன்னும் இரண்டு காம்பு மிச்சம் இருந்தது. பாதியில் விடக்கூடாது. அவள் கறந்தாள்.